நேசனின் நிலவறையில் பதினெட்டு போர்பன்கள்

என் நண்பன் நேசனுக்குப் புற்றுநோயால் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை அவன் மனைவி ராணி ஜெர்மனியிலிருந்து அழைத்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து இந்தப் போத்தலுகளை எடுத்துக்கொண்டு போங்கோ. நான் ஊத்திவிடப் போனன். அவர் கெல்லரைப் பூட்டித் திறப்பைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிருக்கிறார். ஆர் சொல்லியும் கேக்கிறார் இல்லை."

திறப்பு என்றால் சாவி. கெல்லர் என்றால் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறை. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே பலகை அடைத்த ஒரு சின்ன அறை உண்டு. மற்றவர்கள் அதில் சைக்கிளும் குளிர்கால டயரும் வைப்பார்கள். நேசன் பதினெட்டு போத்தல் போர்பன், அமெரிக்கச் சோள விஸ்கி, வைத்திருந்தான்.

நான் சென்னைக்காரன். ஒரு காலத்தில் ஜெர்மனியின் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலையில் நாலு வருடம் இருந்தேன். நேசன் யாழ்ப்பாணத்தான், என் வயதுதான். இருபது வயதில் அகதியாக வந்து, கைசர்ஸ்லாவ்டர்ன் நகரத்தில் பாத்திரம் கழுவி, பிறகு ஒரு மதுக்கூடத்தில் பார்மேன் ஆனான். பக்கத்தில் அமெரிக்கப் படைத்தளம் இருப்பதால் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் சிப்பாய்கள். பியருக்கும் வைனுக்கும் பேர்போன அந்த ஊரில் போர்பன் ஆறாக ஓடியது அந்த ஒரு கடையில்தான். ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகினோம். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் நான் ரயிலேறி அங்கே போய்விடுவேன். அவன் ஊற்றுவான், நான் குடிப்பேன். இடைவேளையில் பின்கதவுப் படியில் இருவரும் சிகரெட் பிடிப்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ராணி இதைச் சொல்லப் போகிறார்.

ராணி அழைத்ததும் கிளம்பி ஜெர்மனியில் வந்து இறங்கினேன். மான்ஹைமில் மாறி ஏறிய ரயில் நொய்ஸ்டாட்டோடு நின்றது. ஓட்டுநர் வரவில்லை என்று அறிவித்தார்கள். நம் ஊரில் என்றால் அந்த நேரத்துக்குள் பெட்டி முழுக்க ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாகியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கி, மாற்றுப் பேருந்துக்காக வெளியே வரிசையில் நின்றார்கள். அக்டோபர் மாதம். ஒரு வண்டியில் பாதி நொதித்த புது வைனும், வெங்காயம் பரப்பிச் சுட்ட அடை போன்ற ஒன்றும் விற்றார்கள். அடையை வாங்கித் தின்றேன். வெங்காயம் இனித்தது.

முன்னால் நின்ற ஒரு முதியவர் காகிதப் பையிலிருந்த சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளை நீட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நண்பனைப் பார்க்க, தொண்டையில் அறுவை நடந்திருக்கிறது என்றேன்.

"என் தம்பிக்கும் அதுதான் செய்தார்கள்" என்றார். "ஒன்று சொல்கிறேன். அவர் எழுதும்போது முடிக்கும்வரை காத்திருங்கள். எல்லோரும் பாதியிலேயே ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். நோயைவிட அதுதான் அவனுக்குக் கோபம்."

பேருந்து ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தது. காட்டுப் பாதையில் போகும்போது நான் அதை மட்டும் மனதில் சொல்லிக்கொண்டே போனேன்: முடிக்கும்வரை காத்திரு.

கதவைத் திறந்தது நேசன். கழுத்தில் நீலத் துணி கட்டியிருந்தான். அந்தத் துணிக்குள்ளிருந்து மூச்சு வரும் சத்தம் கேட்டது. கட்டிப்பிடித்தபோது அந்தச் சூடு என் தோளில் பட்டது. பிறகு உள்ளே போய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து வந்து எழுதினான்.

"மெலிஞ்சு போனாய்."

மெலிந்திருந்தது அவன்தான். முன்பிருந்ததில் பாதி.

ராணி ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்து எனக்காகப் புட்டும் மீன் குழம்பும் சமைத்திருந்தார். நேசன் புட்டைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டான், சுவரில் ஆணி அடிக்கிறவனைப் போல, ஒவ்வொரு கவளத்தையும் முடித்தாக வேண்டும் என்று.

"என்ன குடுத்தாலும் அவருக்கு ஒண்டுதான் அண்ணை" என்றார் ராணி. "உப்பும் உறைப்பும் இனிப்பும் தெரியுமாம். மணம் இல்லை. மூச்சு முழுக்கக் கழுத்தால போகுது, மூக்குக்குள்ள காத்தே போறதில்லை. மூக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா சும்மா இருக்கு."

பேசுவதற்கு ஒரு வால்வு பொருத்தியிருந்தார்கள். அவன் அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அது என்ரை குரல் இல்லை" என்று எழுதினான். பதில் முழுதாக எழுதப்படும்வரை காத்திருந்தேன். அவன் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு நிபந்தனையை எழுதினான். போத்தல்களைக் கொடுத்துவிடச் சம்மதம். ஆனால் ஒவ்வொன்றையும் நான் ஒரு மிடறு குடித்து, என்ன மணம், என்ன சுவை என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் அவனைக் குடிக்கக் கூடாது என்றிருக்கிறார், அவன் குடிக்கப் போவதில்லை. கேட்க மட்டும் வேண்டும். அதன் பிறகு யாருக்கு எது என்று அவனே தீர்மானிப்பான்.

ராணி பலகையைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

மறுநாள் கெல்லரைத் திறப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைச் சூப்பர்மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனான். நம் ஊர் அரசு மதுக்கடையில் கம்பி வலைக்குள் கையை நுழைத்து, எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடக்க வேண்டும். இங்கே விஸ்கி, சமையல் எண்ணெய்க்கும் பூனை உணவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வகை போர்பன் இருந்தன. நேசன் மிகச் சாதாரணமான ஒன்றை எடுத்தான். அவன் கடையில் இருபத்தைந்து வருடம் தினமும் ஊற்றியது அதுதான்.

காசாளர் பெண் தள்ளுபடி அட்டை உண்டா என்று கேட்டாள். நேசன் தலையசைத்தான். பை வேண்டுமா என்றாள். மறுபடி தலையசைத்தான். அவளுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். "கேட்டால் பதில் சொல்லலாமே" என்று அடுத்த வாடிக்கையாளரிடம் சொன்னாள். நேசன் கழுத்துத் துணியைத் தொட்டான், ஆனால் விலக்கிக் காட்டவில்லை. வாசலுக்கு வந்ததும் பலகையில், "பார்மேனா இருக்கேக்கை நானும் இப்பிடித்தான்" என்று எழுதிவிட்டு அழித்தான்.

வீட்டுக்கு வந்து, நாலு மணி வெயிலில், அடுப்படி மேசையில் முதல் கிளாஸ். குடித்தேன். "நல்லா இருக்குடா" என்றேன்.

அவன் வேகமாக எழுதினான். "நல்லா இருக்கு எண்டு சொல்ல நீ ஏன் சென்னையிலிருந்து வரவேணும்?"

மறுபடி மோந்து பார்த்தேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. கருப்பட்டி என்றேன். பனங்கட்டி என்று எழுதினான். அதுதானடா இது என்றேன். வனிலா ஐஸ்கிரீம் உருகிய கிண்ணம். சுட்ட சோளக்கதிரின் கருகிய ஓரம். விழுங்கியதும் நெஞ்சில் கொஞ்சம் சூடு, அதிகமில்லை, உடனே போய்விடுகிறது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அந்தத் தலையாட்டலுக்காக இன்னும் இரண்டு சொல் தேடினேன்.

போர்பன் குடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அவன் எழுதிக்கொடுத்தது இதுதான். பெயரைப் பார்க்காதே, லேபிளின் கீழ்ப்பக்கம் பார். 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வருடம் புது ஓக் பீப்பாயில், உட்பக்கம் கருக்கிய பீப்பாயில், இருந்திருக்கிறது, வேறு நிறமோ மணமோ கலக்கவில்லை என்று அர்த்தம். 'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டப்படி ஒரு அர்த்தமும் கிடையாது. எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும் ஸ்ட்ரெய்ட் போர்பன் ஒன்றை முதலில் குடித்துப் பழகாமல் அரிய போத்தலைப் பற்றிப் பேசக் கூடாது. அவன் எழுதிய பெயர்களை நானும் இங்கே எழுதவில்லை. சொற்கள் தெரிந்தால் பெயர் தேவையில்லை.

அன்று மாலைக்குள் கெல்லரிலிருந்து இரண்டு ஏறி வந்தன. ஒன்று கம்பு மாதிரி ஒரு தானியம், ரை, அது அதிகம் சேர்த்தது. மிளகு ரசத்தைக் கொதிக்கும்போது குனிந்து மோந்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் ரைக்குப் பதில் கோதுமை. அதில் காரமே இல்லை. அல்வா கிண்டும் சட்டியில் நெய் பிரியும் நேரத்து மணம். முதல் முறை விஸ்கி குடிக்கிறவருக்குக் கோதுமை, ஊறுகாய் இல்லாமல் சாப்பிட முடியாதவருக்கு ரை. இரண்டும் பெரிய கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

மூன்றாம் நாள் நாலு போத்தல்கள். எல்லாம் ஒரு மிடறுதான், நடுவில் பேக்கரியிலிருந்து உப்புத் தூவிய பிரெட்சல் ரொட்டி. எனக்குப் பிடித்துப்போனது 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று எழுதியிருந்த ஒன்று. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, நாலு வருடமாவது அரசு மேற்பார்வையில் கிடங்கில் இருந்தது, சரியாக ஐம்பது சதவீதம். அந்த நாட்டில் ஒரு காலத்தில் புகையிலைச் சாறு வரை கலந்து விற்றார்களாம், அதைத் தடுக்க வந்த சட்டம். வறுத்த வேர்க்கடலையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். "ஒண்டே ஒண்டு வாங்குறதெண்டால் இது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான். ஜெர்மனியில் விஸ்கிக்கென்று இருக்கும் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும்.

'சிங்கிள் பேரல்', அதாவது ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தது, இரண்டு இருந்தன. ஒரே பெயர், ஒரே லேபிள், பீப்பாய் எண் மட்டும் வேறு, கையால் எழுதியிருந்தது. என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி இரண்டையும் ஊற்றி வைத்தான். ஒன்று செர்ரிப் பழம், மற்றது தச்சுப் பட்டறை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்பவே முடியவில்லை. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்தது ஒன்று, அறுபத்து மூன்று சதவீதம். நாக்கு மரத்துப் போயிற்று. அவன் ஒரு தேக்கரண்டியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டான். பூட்டியிருந்த வீட்டின் ஜன்னலைத் திறந்த மாதிரி உள்ளேயிருந்து ஏலக்காய் வந்தது. தண்ணீர் விடுவது கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிரித்தோம். அவன் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். ராணி வேலையிலிருந்து வந்தபோது அப்படித்தான் இருந்தோம். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையைப் பார்த்தார். நேசன் குளியலறைக்குப் போன நேரத்தில் என்னிடம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"நான் உங்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித்தான் கூப்பிட்டனான். நீங்கள் இருந்து திறந்து திறந்து குடிக்கிறியள்."

"அவன் கேட்டான், அதனால..."

"ஓம், அவர் கேட்டவர். அப்பவும் அவர்தான் ஊத்தினவர், நீங்கள் குடிச்சனீங்கள். பிறகு ரெண்டு பேரும் வெளியில நிண்டு சிகரெட் பத்தினனீங்கள். நான் உங்களில பழி போடேல்லை. ஆனா நீங்களும் இருந்தனீங்கள் அண்ணை. குடியும் சிகரெட்டும் சேந்துதான் இதைச் செய்தது எண்டு டொக்டர் சொன்னவர். ஒரு சனிக்கிழமையாவது, இண்டைக்குக் காணும், வீட்டை போ எண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

சொன்னதில்லை. நாலு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. மேசையில் இருந்த பிரெட்சல் துண்டின் உப்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அரிய போத்தல்களின் முறை. இரண்டு இருந்தன. ஒன்று இருபது வருடத்துக்கு மேல் பீப்பாயில் இருந்த கோதுமை போர்பன். அமெரிக்காவில் இதற்குக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்களாம். குடித்தேன். அருமையான தொடக்கம், உலர்ந்த அத்தி, பழைய தோல் செருப்புக் கடை, பிறகு மரம், மரம், மரம் மட்டுமே. அதைச் சொன்னதும் நேசன் ஒத்துக்கொண்டான். "இதுக்காக அலையக் கூடாது. ஆரும் ஊத்தித் தந்தால் குடிக்கலாம்."

இரண்டாவது போத்தலை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். எப்போதோ மூடிவிட்ட ஒரு ஆலையுடையது. ஊர் திரும்பும் முன் ஒரு சிப்பாய் கொடுத்தது. ஐரோப்பிய போத்தல்களைவிடக் கொஞ்சம் பெரிய அளவு, லேபிள் பழுத்திருந்தது. பதினெட்டு வருடம் திறக்காமல் வைத்திருந்தான். மகளின் கல்யாணத்துக்குக்கூடத் திறக்கவில்லை.

திருகியதும் தக்கை உடைந்து பாதி உள்ளே விழுந்தது. அவன் தேயிலை வடிகட்டியை எடுத்து வந்து, கை நடுங்காமல், வடித்து ஊற்றினான். இருபத்தைந்து வருடப் பார்மேனின் கை. பிறகு எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

அது செத்துப்போயிருந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பின்னால் ஒரு கசப்பு, வேறொன்றுமில்லை. காற்றுப் புகுந்து பல வருடம் ஆகியிருக்கும்.

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் சொன்னேன். பலாச்சுளை என்றேன், தேன் என்றேன், சந்தனப் பெட்டி என்றேன். இவ்வளவு நாள் காத்திருந்ததற்குத் தகும் என்றேன். நான் அடுக்கிக்கொண்டே போக அவன் தலையாட்டல் நின்றுவிட்டது. பலகையை எடுத்தான். மெதுவாக எழுதினான். நான் காத்திருந்தேன்.

"தக்கை உடைஞ்ச உடனையே எனக்குத் தெரியும். நீ உண்மை சொல்லுவாய் எண்டு பாத்தனான்."

"நேசா, உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினான். "என்ரை மூக்குப் போனதுக்கு உன்ரை மூக்கைத்தான் நம்பினனான். இப்ப அதுவும் இல்லை."

மீதியிருந்த போத்தல்களைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் கெல்லருக்குக் கொண்டுபோய்ப் பூட்டினான். அன்று இரவு உணவுக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் அவனுக்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம். ராணி விடுப்புப் போட்டுக் காரை ஓட்டினார். நானும் போனேன், வீட்டில் தனியாக இருக்க முடியாமல். வழி முழுக்க யாரும் பேசவில்லை. பேச முடிந்த இரண்டு பேரும்.

பயிற்சியாளர் முப்பது வயதிருக்கும் பெண். மேசையில் சின்னக் குப்பிகள் வைத்திருந்தார். வினிகர், காப்பி, சோப்பு. வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட வேண்டும், தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும், அப்போது நுரையீரல் உதவாமலே மூக்குக்குள் காற்று இழுபடும், மணம் திரும்ப வரும் என்று எனக்கு விளக்கினார். பலருக்கு வந்திருக்கிறது. நேசன் இரண்டு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டான்.

"மூக்கில் கோளாறு இல்லை" என்றார் அவர். "ஆனால் இந்தக் குப்பிகளில் இருப்பது என் மணங்கள். அவருக்கு இவற்றின் மேல் ஆசையில்லை. மோந்தே ஆக வேண்டும் என்று அவர் நினைக்கிற ஒன்று வேண்டும்."

நேசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராணி தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் ராணி கையை நீட்டினார். "திறப்பைத் தாங்கோ." நேசன் அவரைப் பார்த்தான். "ஊத்தமாட்டன். தாங்கோ."

கொடுத்தான். அவர் கெல்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் படியில் நின்றோம். உள்ளே தக்கைகள் திறந்து மூடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது, அழுதா, ஆவியாலா தெரியவில்லை. கையில் ஒரு போத்தல். நாங்கள் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய அதே சாதாரண போர்பன்.

"இதுதான்" என்றார், நேசனின் சட்டையைத் தொட்டு. "இருபத்தைஞ்சு வரியமா உங்கடை சேட்டில வந்த மணம் இது. நான்தானே தோய்ச்சனான்."

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. பத்தொன்பது போத்தலுக்குள் அதை மோந்தே பிரித்தெடுத்திருந்தார். அந்த வீட்டில் மூன்று நாளாக நான் மூக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படி மேசையில் ஒரு பஞ்சுத் துண்டை நனைத்து நேசனின் மூக்கருகே பிடித்தார். நேசன் வாயை மூடிக் கொட்டாவி விட்டான். ஒன்றுமில்லை. மறுபடி. தலையை ஆட்டினான், இல்லை என்று. ராணி விடவில்லை. "கீழ நாக்கை இறக்குங்கோ. அவ சொன்ன மாதிரி. இன்னொருக்கா." முதியோர் இல்லத்தில் அவர் எப்படி வேலை செய்வார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. பத்து முறை, ஓய்வு, தேநீர், மறுபடி பத்து முறை. ஒரு தடவை மூக்கு எரிகிறது என்று எழுதினான். எரிவு மணம் இல்லை, ஆனால் காற்று போகிறது என்று அர்த்தம். அன்று அவ்வளவுதான்.

ஆறாம் நாளும் எரிவுதான். ஏழாம் நாள், ஞாயிறு. ஜெர்மன் ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டி, தெருவில் ஒரு கார் கதவு சாத்தினாலும் கேட்கும். காலை இடியப்பம் சாப்பிட்ட பிறகு ராணி மறுபடி பஞ்சை எடுத்தார். நான் சன்னலோரம் நின்றிருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ முறை நேசனின் முகம் அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. இன்னொரு முறை கொட்டாவி விட்டான், இன்னொரு முறை. பிறகு பஞ்சைத் தள்ளிவிட்டு ராணியின் கையைப் பிடித்து, அந்தக் கையையே மோந்தான்.

பலகை எட்டும் தூரத்தில் இல்லை. தொண்டையிலிருந்த துணிக்கு மேல் விரலை வைத்து வால்வை அழுத்தினான். உலோகத்தைச் சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம், ஒரு சொல்.

"பனங்கட்டி."

ராணி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். கணவன் மனைவிக்கு நடுவில் எனக்கு அங்கே வேலையில்லை.

அன்று பிற்பகல் அவனே கெல்லரிலிருந்து அந்தச் செத்த போத்தலை எடுத்து வந்து, பஞ்சை நனைத்து, மெனக்கெட்டு மோந்து பார்த்தான். பலகையில் எழுதி என்னிடம் காட்டினான். "பழந்துணி. நீ பலாச்சுளை எண்டனி."

"மன்னிச்சுக்கடா" என்றேன்.

தோள் குலுங்கியது. போத்தலை ராணியிடம் நீட்டினான். அவர் அதைச் சிங்க்கில் ஊற்றினார், நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.

மற்றவை இரண்டு நாளில் வீட்டை விட்டுப் போயின. ஒவ்வொன்றின் கழுத்திலும் நேசன் ஒரு சீட்டுக் கட்டினான். கோதுமை போர்பன் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு, அவருக்கு வயிறு சரியில்லை. பீப்பாய் வலுவுள்ளது பழைய கடையில் இப்போது நிற்கும் பார்மேனுக்கு, தண்ணீர் விடு என்ற குறிப்போடு. இருபது வருடத்தது அறுவை செய்த டாக்டருக்கு. அவர் வாங்கமாட்டார், நோயாளியிடம் பரிசு வாங்கக் கூடாது என்பார் என்றேன். "அப்ப நோயாளி இல்லை, பார்மேன் தந்தது எண்டு சொல்லு" என்று எழுதினான். டாக்டர் வாங்கவில்லை. அது ஒரு தேவாலயத்தின் ஏலத்துக்குப் போனது. எனக்கு அந்த 'பாட்டில்ட் இன் பாண்ட்' வந்தது. சீட்டில், "மாதத்துக்கு ஒருக்கா. ஒரு கிளாஸ். சிகரெட் பத்தாதை" என்று இருந்தது. சிகரெட்டை நான் ஐந்து மாதம் முன்பே விட்டிருந்தேன், அவன் செய்தி வந்த அன்று. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

போர்பனைப் பற்றி எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை நண்பர் கேட்டிருந்தார். எது வாங்கலாம், எது அரிது என்று. மேலே எழுதியிருப்பதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரு மனிதன் தொண்டையைக் கொடுத்துக் கற்றவை. குடிக்காதவர்கள் தொடங்க வேண்டாம். குடிப்பவர்கள் ஒரு கிளாஸை நெடுநேரம் மோந்து பாருங்கள், பாதிச் சுவை அங்கேயே இருக்கிறது, அதற்கு நுரையீரலும் மூக்கும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் போதும்.

கிளம்பும் நாளில் ராணி வேலையிலிருந்து சீருடையோடு நேராக நிலையத்துக்கு வந்தார். நேசன் காப்பி வாங்கப் போயிருந்தான். வரிசையில் நின்று, ஒவ்வொரு கோப்பையாக வாங்கி மோந்துகொண்டிருந்தான். ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று அறிவிப்புப் பலகை காட்டியது.

"அண்ணை" என்றார் ராணி. "அண்டைக்கு அடுப்படியில நான் சொன்னது."

"நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "நான் ஒரு நாளும் சொல்லலை. சொல்லியிருக்கணும்."

இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு மூலை எதிர்பார்த்தது.

"ஓம்" என்றார். "சொல்லியிருக்கவேணும். நான் சொன்னதை நான் திருப்பி எடுக்கமாட்டன்."

ரயில் வரும் சத்தம் கேட்டது. என் பையை அவரே தூக்கிக் கதவருகே வைத்தார்.

"சித்திரைக்கு வாங்கோ" என்றார். "வந்தால் ரெண்டு வாரமாவது எங்களோடை நிக்கவேணும்."